அணைத்துப் போடுவதற்கு முன்: டீபக் கெர்னலும் நம் ஆய்வகங்களும்

சற்று நீண்ட பதிவு. இயங்குதளப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும், கணினியை நம்பி ஆய்வு செய்யும் மாணவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

2021 ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ஜிஎஸ்எல்வி எஃப்10 ஏவுகலம் தன் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. முதல் இரண்டு நிலைகளும் ஒழுங்காக இயங்கின. கிரையோஜெனிக் மேல்நிலை எரியவில்லை. குழு அமைத்து, பறக்கும்போது வந்துசேர்ந்த தொலையளவுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். திரவ ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இருந்ததும், ஒரு வால்வில் ஏற்பட்ட கசிவே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதும் பின்னர் அறிவிக்கப்பட்டன. கலம் கடலில் விழுந்துவிட்டது. ஆனால் அது அனுப்பிய எண்கள் கையில் இருந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

நான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து தும்பா ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது முதல், வீழ்ந்த ஒன்று ஏன் வீழ்ந்தது என்று கேட்பது இந்நகரின் தொழில் ஒழுக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. அதே நகரின் கல்லூரி, ஆய்வுநிலையக் கணினி அறைகளில் நடப்பது வேறு. இயந்திரம் உறைந்து நின்றால் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறோம். மீண்டும் நின்றால் இயங்குதளத்தை முழுதும் நீக்கிப் புதிதாக நிறுவுகிறோம். அதற்குப் பின்னும் நின்றால் நினைவகச் சில்லை மாற்றுகிறோம், அல்லது மின்சாரத்தைக் குறை சொல்கிறோம். ஏன் நின்றது என்ற கேள்விக்குப் பதிவேட்டில் ஒரு நிரல்கூட இருப்பதில்லை. இது திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று; சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் இதையே கண்டிருக்கிறேன்.

இயங்குதளப் பாடம் நடத்தும் ஒவ்வொரு துறையும் தன் ஆய்வகத்தில் டீபக் கெர்னல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். முறிந்த கெர்னலின் நினைவகப் பிரதியை எடுத்து வாசிக்க ஒவ்வொரு மாணவருக்கும் ஒருமுறையேனும் கற்பிக்க வேண்டும். இதுவே என் நிலைப்பாடு. கெர்னல் உருவாக்குநர்களாகப் போகும் சிலருக்கான சிறப்புப் பயிற்சியாக இதை நான் கேட்கவில்லை. கணினியில் கிடைத்த எண்ணைத் தன் ஆய்வேட்டில் அச்சிடும் எவருக்கும் இது தேவை என்று கருதுகிறேன்.

முதலில், முறிவின்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு சாதாரண நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், கெர்னல் அந்த நிரலை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து நடத்தும். கெர்னலே அப்படித் தவறினால் அதைப் பிடித்து நிறுத்த அதற்கு மேல் யாரும் இல்லை. தான் தவறியதைக் கெர்னல் சில வேளைகளில் தானே கண்டுகொண்டு, ஓர் அழைப்புத் தடத்தை எழுதிவிட்டுத் தட்டுத் தடுமாறி இயங்கும். சில வேளைகளில் முற்றிலும் நின்றுவிடும். பின்னதில்தான் சிக்கல். கடைசிச் செய்திகள் நினைவகத்தில் இருக்கின்றன. அவற்றை வன்தட்டில் எழுத வேண்டிய கோப்பு முறைமையும் இயக்கியும் அந்த முறிவில் சிக்கியிருக்கலாம். நாம் பொத்தானை அழுத்தியதும் நினைவகம் வெறுமையாகிறது. எந்த இழை எந்தப் பூட்டைப் பிடித்திருந்தது, எந்தச் சுட்டி எங்கே காட்டியது என்ற சான்று அனைத்தும் அதோடு போய்விடுகிறது.

இந்தச் சான்றைக் காப்பாற்றும் வழி ஒன்று உருவானதில் நம் நாட்டவர்க்குப் பெரும்பங்கு உண்டு. நம் வகுப்பறைகளில் அது சொல்லப்படுவதில்லை. 2000களின் தொடக்கத்தில் லினக்ஸில் எல்கேசிடி, நெட்டம்ப், டிஸ்க்டம்ப் எனச் சில முறைகள் இருந்தன. வீழ்ந்த கெர்னலே தன் நினைவகத்தைத் தட்டிலோ வலையிலோ எழுதிவிட வேண்டும் என்று அவை எதிர்பார்த்தன. நிலைகுலைந்தவனிடமே தன் வீழ்ச்சியைப் பற்றி அறிக்கை கேட்பது போன்றது இது. அறிக்கை வராமல் போகலாம், அதைவிட மோசமாக, தட்டில் தவறான இடத்தில் எழுதி நல்ல தரவையும் கெடுத்துவிடலாம்.

எரிக் பீடர்மேன் உருவாக்கிய கெக்செக் என்ற வசதி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து வன்பொருளின் தொடக்கச் சோதனைகளைக் கடக்காமலே நேராக இன்னொரு கெர்னலுக்குத் தாவ வழி செய்தது. அதை அடித்தளமாகக் கொண்டு, ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, விவேக் கோயல் முதலியோர் கேடம்ப் என்ற முறையை வடித்தார்கள். கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்படுகிறது. அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்று ஏற்றப்பட்டு உறங்குகிறது. முதன்மைக் கெர்னல் அந்தப் பகுதியைப் பயன்படுத்துவதே இல்லை. முதன்மைக் கெர்னல் முறிந்ததும் இரண்டாவது விழித்தெழுந்து, பழைய நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பைப்போல் திறந்து காட்டுகிறது. கெடாத கெர்னல் ஒன்று கெட்டதன் சான்றைத் தட்டில் சேமிக்கிறது. 2005இல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் கோயல், பீடர்மேன், நெல்லிதீர்த்தா ஆகிய மூவரின் பெயரில் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 2.6.13 பதிப்பில் இது கெர்னலில் இணைந்தது. இன்று உலகெங்கும் பெருஞ்சேவையகங்கள் முறியும்போது முதலில் விழிப்பது இந்த ஏற்பாடுதான்.

சான்று கிடைத்துவிட்டது, அதை வாசிப்பது எப்படி? இங்கேதான் டீபக் கெர்னல் என்ற சொல் குழப்பம் விளைவிக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம்.

முதற்பொருள், குறியீட்டுத் தகவலோடு கூடிய கெர்னல் கோப்பு. நாம் ஓட்டும் அதே கெர்னல்தான். ஆனால் எந்த முகவரி எந்தச் சார்புக்கு உரியது, எந்த மூலநிரல் வரியிலிருந்து வந்தது, எந்தக் கட்டமைப்பின் எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்ற வரைபடம் அதனுடன் இருக்கும். இதனால் இயந்திரத்தின் வேகம் குறைவதில்லை. வட்டில் இடம் மட்டும் வேண்டும். இந்தக் கோப்பையும் நினைவகப் பிரதியையும் கிராஷ் என்ற பகுப்பாய்வுக் கருவியிடம் கொடுத்தால், முறிந்த நொடியில் எந்தெந்தப் பணிகள் ஓடின, ஒவ்வொன்றும் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யூனிக்ஸில் இதே பெயரில் இருந்த பழைய கருவியின் வழித்தோன்றல் அது. லினக்ஸுக்கு ரெட் ஹேட்டின் டேவ் ஆண்டர்சன் நெடுங்காலம் பேணி வளர்த்தார்.

இரண்டாம் பொருள், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கெர்னல். மூலநிரல் அதுவே, ஆனால் தொகுக்கும்போது கூடுதல் சோதனைகள் சேர்க்கப்பட்டிருக்கும். விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் 107 என்ற பைட்டை நிரப்பி வைக்கும். பின்னர் யாரேனும் அதைப் படித்தால் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். ஒதுக்கப்பட்டு இன்னும் எழுதப்படாத இடத்தில் 90 இருக்கும். பூட்டுகளின் வரிசையைக் கண்காணிக்கும். விண்டோஸிலும் நெடுங்காலம் இத்தகைய செக்டு பில்டு தனியே கிடைத்துவந்தது. விண்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்போடு அது நின்றுவிட, டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி அப்பணியைத் தொடர்கிறது. மேக் கணினிகளுக்கு ஆப்பிள் கெர்னல் டீபக் கிட் என்ற தொகுப்பைத் தருகிறது. லினக்ஸில் இவை அனைத்தும் மூலநிரலிலேயே உள்ளன. தேர்ந்தெடுத்துத் தொகுத்தால் போதும்.

முதல் வகை, முறிவு எங்கே நேர்ந்தது என்று சொல்லும். இரண்டாம் வகை, பிழை எங்கே தொடங்கியது என்று சொல்லும். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்வதுதான் இந்தத் துறையின் முதற்பாடம்.

ஓர் எடுத்துக்காட்டு. பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஆய்வகத்தில், உணரிகளின் அளவீடுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் கணினி ஒன்று இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நின்றுபோனது. தரவைப் பெறும் அட்டைக்கான இயக்கி, கெர்னலின் அதிகாரபூர்வ மூலநிரலில் இல்லாதது. தனியே எழுதப்பட்டுக் கைமாறி வந்தது. முதல் முறை திரையில் தெரிந்த தடம் கோப்பு முறைமையைக் காட்டியது. உடனே வட்டை மாற்றினார்கள். அடுத்த முறை வலையமைப்புப் பகுதியில் நின்றது. கம்பியையும் அட்டையையும் மாற்றினார்கள். மூன்றாம் முறை, ஏதோ ஒரு நிரல் தன் வேலையை முடித்து வெளியேறும் தறுவாயில் நின்றது. இயந்திரம் பழையது என்று முடிவு கட்டினார்கள்.

கேடம்ப் அமைத்து அடுத்தடுத்து மூன்று பிரதிகள் எடுக்கப்பட்டன. மூன்றிலும் முறிந்த இடம் வேறு வேறு. ஆனால் கெட்டுப்போயிருந்த நினைவகத் துண்டுகள் மூன்றும் ஒரே அளவுக் குவியலைச் சேர்ந்தவை. 192 பைட் துண்டுகள். கோப்பு முறைமையும் வலையமைப்பும் இங்கே பாதிக்கப்பட்டவை. பிழை செய்தது வேறெங்கோ இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. ஆயினும் பிழை செய்தவர் யார் என்பதைப் பிரதி சொல்லவில்லை. திருடன் போன பிறகு வீட்டின் நிலையை மட்டும்தானே அது காட்டும்.

அடுத்து, கேசான் என்னும் நினைவகச் சோதனை இணைந்த டீபக் கெர்னலில் அதே இயக்கி ஓட்டப்பட்டது. 2015இல் வந்த 4.0 பதிப்பு முதல் லினக்ஸில் உள்ள வசதி இது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் வீதம் ஒரு நிழல் நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் முறையான இடத்தில்தான் நிகழ்கிறதா என்று அது சரிபார்க்கும். ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை வந்தது. அத்தகைய அறிக்கையில் மூன்று தடங்கள் இருக்கும்: தவறாகத் தொட்டது யார், அந்த இடத்தை ஒதுக்கியது யார், அதை விடுவித்தது யார். மூன்றும் அந்த ஒரே இயக்கியைக் காட்டின. அளவீட்டை நிறுத்தும்போது இயக்கி தன் இடையகத்தை விடுவித்துவிட்டது. ஆனால் அதில் எழுதும் டைமர் வேறொரு செயலிக் கருவில் அந்நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டைமரை நிறுத்தச் சொன்னார்களே தவிர, அது நின்று முடியும்வரை காத்திருக்கவில்லை. காத்திருக்கும் அழைப்பாக ஒரு வரியை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. வட்டும் கம்பியும் அட்டையும் குற்றமற்றவை.

இதில் என்னைக் கலங்கச் செய்தது முறிவு அன்று. விடுவித்த இடத்தில் டைமர் எழுதிய ஒவ்வொரு முறையும் கணினி முறியவில்லை. எழுதப்பட்ட துண்டு அப்போது யாரிடம் இருந்ததோ, அவர்களுடைய தரவு ஓசையின்றி மாறியிருக்கும். முறிவு நேர்ந்ததால் நாம் விழித்துக்கொண்டோம். நேராத நாட்களில் என்ன கெட்டது என்பதற்குச் சான்று கிடையாது. அந்த மாதங்களில் பதிவான அளவீடுகள் அனைத்தையும் அவர்கள் மீண்டும் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஆகவே, விளங்காத முறிவைக் கடந்துபோவது ஆய்வு நேர்மை தொடர்பான கேள்வி. ஒரு வேதியியல் ஆய்வகத்தில் தராசு வாரம் இருமுறை தானாக நின்று மறுபடி இயங்கினால், இடைப்பட்ட எடைகளை நாம் நம்புவோமா?

இனிப் பாடத்திட்டத்துக்கு வருகிறேன். நம் இயங்குதளப் பாடங்களில் முட்டுக்கட்டை நிலைக்கு ஓர் அலகு உண்டு. வங்கியாளர் வழிமுறையை மாணவர்கள் அட்டவணை போட்டுத் தேர்வில் எழுதுகிறார்கள். டைக்ஸ்ட்ராவின் அந்தச் சிந்தனை அழகானது, கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பணி எத்தனை வளம் கேட்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பொதுப்பயன் கெர்னல் தன் பூட்டுகளை அப்படி நடத்துவதில்லை. லினக்ஸ் உண்மையில் செய்வது என்ன? 2006இல் வந்த 2.6.18 பதிப்பு முதல், இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வெனும் உருவாக்கிய லாக்டெப் என்ற சோதனை டீபக் கெர்னலில் இருக்கிறது. ஓரிடத்தில் முதற்பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்டார்கள் என்றும், வேறொரு நாளில் வேறோரிடத்தில் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதைக் கேட்டார்கள் என்றும் அது கண்டால், அந்நேரம் முட்டுக்கட்டை நேராவிட்டாலும் எச்சரிக்கும். நேர்ந்த விபத்தைக் காட்டுவதோடு நில்லாமல், நேரக்கூடிய விபத்தையும் சொல்லிவிடுகிறது. வரைபடத்தில் சுழற்சி தேடும் கோட்பாடு கரும்பலகையை விட்டு உயிருள்ள இயந்திரத்தில் வேலை செய்வதை மாணவர் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இதற்கு நம் செய்முறைத் தேர்வில் இடமில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றுள் சில வலுவானவை.

டீபக் கெர்னல் மெதுவானது என்பது முதலாவது. மெய்தான். கேசான் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளும். வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. தொடக்கப் பட்டியலில் இரண்டாவது தெரிவாக அது இருக்கட்டும். சந்தேகம் எழும்போது அதில் ஓட்டலாம். அன்றாடத்துக்கு கேஃபென்ஸ் இருக்கிறது. 2021இல் வந்த 5.12 பதிப்பில் இணைந்த இது, எல்லா ஒதுக்கீடுகளையும் சோதிக்காமல் இடையிடையே ஒன்றை மட்டும் எடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைத்துச் சோதிக்கிறது. செலவு மிகக் குறைவு. நெடுநாள் ஓடும் பல இயந்திரங்களில் பிழை எங்கோ ஒருநாள் சிக்கிவிடும்.

சோதனையைச் சேர்த்ததும் பிழை மறைந்துவிடுகிறது என்பது இரண்டாவது. இது ஆழமான எதிர்வாதம். டீபக் கெர்னலில் எல்லாம் மெதுவாவதால் இழைகளுக்கு இடையிலான போட்டியின் காலக்கணக்கு மாறுகிறது. சாதாரணக் கெர்னலில் தினமும் முறிந்தது இதில் ஒரு வாரம் ஓடும். அதைக் கண்டு பிழை போய்விட்டது என்று முடிவெடுப்பது பெருந்தவறு. இதற்கு ஒரு விடை செவ்வாயில் கிடைத்தது. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாட்களில் தானாக மீண்டும் மீண்டும் தொடங்கியது. குறைந்த முன்னுரிமையுள்ள வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்க, இடைநிலைப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுக்க, உயர் முன்னுரிமைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. அந்தக் கலத்தின் மென்பொருளிலிருந்து நிகழ்வுத் தடம் பதியும் வசதியை நீக்காமலே பறக்கவிட்டிருந்தார்கள். சோதித்ததையே பறக்கவிடு, பறப்பதையே சோதி என்பது அவர்கள் கொள்கை. பூமியில் இருந்த நகலில் அதே வசதியை இயக்கிப் பிழையை மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, பூட்டின் ஓர் அமைப்பை மாற்றும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். பிழை நேரும் இடத்தில் ஏதேனும் ஒரு பதிவு வசதி எப்போதும் இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம். கேடம்ப் அத்தகையது, முறியும்வரை அது காலக்கணக்கில் கை வைப்பதில்லை. ஆகவே இரண்டும் வேண்டும்: அன்றாடக் கெர்னலில் பிரதி எடுக்கும் ஏற்பாடு, சந்தேகம் வந்தபின் சோதனைக் கெர்னல்.

மூன்றாவது, லினஸ் டோர்வால்ட்ஸே ஒருகாலத்தில் முன்வைத்த எதிர்ப்பு. கெர்னலுக்குள் டீபக்கர் வைப்பதை 2000இல் அவர் ஏற்கவில்லை. கருவி கையில் இருந்தால் மக்கள் மூலநிரலைப் புரிந்துகொள்ளாமல் அறிகுறியை மட்டும் ஒட்டுப்போட்டு மறைப்பார்கள் என்பது அவர் கவலையின் சாரம். கேஜிடிபி என்ற டீபக்கர் 2008இல்தான் கெர்னலில் இணைந்தது. அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். சுட்டி வெறுமையாக இருந்ததால் முறிந்தது என்று கண்டு, வெறுமையாக இருந்தால் திரும்பிவிடு என்று ஒரு நிபந்தனை எழுதும் மாணவர் எதையும் தீர்க்கவில்லை. ஏன் வெறுமையாயிற்று என்பதுதான் வினா. நோயையும் அதன் மூலத்தையும் கண்ட பிறகே தீர்க்கும் வழியைப் பார்க்கச் சொன்ன வள்ளுவரின் வரிசை இங்கும் பொருந்தும்.

அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முறிந்ததாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்றே சமூக ஊடகங்களில் ஒரு முறிவுத் தடத்தைக் காட்டி, வெற்றுச் சுட்டியே காரணம் என்ற விளக்கம் வேகமாகப் பரவியது. பின்னர் நிறுவனம் வெளியிட்ட காரண ஆய்வறிக்கை வேறொன்றைச் சொன்னது: 21 உள்ளீடுகள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 20 மட்டுமே தரப்பட்டன, 21ஆவதைப் படிக்க முயன்று எல்லைக்கு வெளியே சென்றது. தடத்தின் கடைசி வரியை வாசித்தவர்கள் பலர். அதற்கு முன் நடந்ததை வாசித்தவர்கள் சிலர். இந்த வேறுபாட்டைக் கற்பிப்பதற்குத்தான் நான் ஆய்வக நேரம் கேட்கிறேன்.

நான்காவது, தனியுரிமை. இதை எவரும் எதிர்வாதமாக எழுப்புவதில்லை; எழுப்ப வேண்டும். நினைவகப் பிரதியில் அந்நேரம் நினைவகத்தில் இருந்த அனைத்தும் இருக்கும்: கடவுச்சொற்கள், மறையாக்கச் சாவிகள், இன்னொரு மாணவரின் வெளியிடாத கட்டுரை, மதிப்பெண் பட்டியல். பயனர் பக்கங்களை நீக்கிவிட்டுச் சேமிக்கும் வசதி மேக்டம்ப்ஃபைல் என்ற கருவியில் உண்டு. அதைக் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டும். அதன் பின்னரும் சாவிகள் எஞ்சியிருக்கலாம். பிரதி யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று துறை எழுதி வைக்க வேண்டும். அந்த விதியை வகுப்பது மாணவர்களுக்கு நல்லதொரு விவாதமாகவும் அமையும்.

இதையெல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இந்நகரில்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். ஐடி அட் ஸ்கூல் திட்டம் கேரளத்தின் அரசுப் பள்ளிகளைக் குனூ லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த கைட் நிறுவனம் பள்ளிகளுக்கெனத் தனித் தொகுப்பே வெளியிடுகிறது. 2019இல் வந்த பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கானது. இங்கே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை லினக்ஸை அந்நியமாகக் காண்பதில்லை. எல்லையைக் கடந்து நாகர்கோவிலிலிருந்து இங்கே படிக்க வரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் முதல் வாரத்தில் வியப்பது இதைத்தான்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு சுதந்திரங்களைச் சொல்கிறது. பயன்படுத்தும் சுதந்திரத்தையும் படியெடுத்துப் பகிரும் சுதந்திரத்தையும் நாம் முழுதாக எடுத்துக்கொண்டோம். உரிமக் கட்டணம் மிச்சம் என்று பெருமை பேசுகிறோம். நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராயும் சுதந்திரமும், மாற்றித் திருத்தும் சுதந்திரமும் பெரும்பாலும் தொடப்படாமல் கிடக்கின்றன. மூடிய இயங்குதளம் முறிந்தால், விற்றவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நமக்கு அந்தக் கட்டாயமில்லை. மூலநிரல், வரைபடம், கருவிகள் என எல்லாம் இலவசமாகக் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டும் பொத்தானையே அழுத்துவோமானால், நாம் பெற்றது மலிவான மென்பொருள் மட்டுமே.

செய்யக்கூடியவை எளியவை. தனி வன்பொருள் தேவையில்லை. கியூஎமு மெய்நிகர் இயந்திரம் ஒன்று போதும். அதில் 256 எம்பி நினைவகத்தை இரண்டாவது கெர்னலுக்கு ஒதுக்கிக் கேடம்ப் அமைப்பது அரை நாள் வேலை. கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்தும் சிஸ்ரிக்யூ கட்டளையைக் கொண்டு முதல் பிரதியை எடுக்கலாம், யாருக்கும் சேதமில்லை.

இரண்டாம் வாரத்தில், விடுவித்த நினைவகத்தைத் தொடும் சிறு மாட்யூல் ஒன்றை மாணவர்கள் எழுதட்டும். சாதாரணக் கெர்னலில் அது எதுவும் நேராததுபோல் ஓடுவதையும், டீபக் கெர்னலில் உடனே பிடிபடுவதையும் அருகருகே காணட்டும். மூன்றாம் வாரத்தில், பூட்டுகளைத் தலைகீழ் வரிசையில் எடுக்கும் இரு சார்புகளை எழுதி லாக்டெப் எச்சரிக்கையை வாசிக்கட்டும். இவ்வளவும் பழைய செய்முறைப் பட்டியலில் மூன்று பயிற்சிகளின் இடத்தையே பிடிக்கும்.

முதுகலை மாணவர்களுக்கு இன்னொரு களம் இருக்கிறது. கூகுளின் சிஸ்பாட் 2017 முதல் கெர்னலை இடைவிடாது தாக்கிப் பார்த்து, கிடைக்கும் முறிவு அறிக்கைகளைப் பொதுவில் வைக்கிறது. அவற்றுள் பலவற்றுக்கு முறிவை மீண்டும் நிகழ்த்தும் நிரலும் உடன் இருக்கும். தீர்க்கப்படாமல் நிற்கும் ஒன்றை எடுத்து அதன் மூலத்தைக் கண்டு திருத்தம் அனுப்புவது, நம் நிறைவாண்டுத் திட்டங்களாக வரும் பல வருகைப் பதிவுச் செயலிகளைவிடப் பயனுள்ளது. திருத்தம் ஏற்கப்படாவிட்டாலும் மறுக்கப்பட்ட காரணத்தைக் கெர்னலைப் பேணுபவரே எழுதிக் காட்டுவார். அதைவிட நல்ல மதிப்பீட்டாளர் எந்தத் துறைக்குக் கிடைப்பார்?

ஆய்வகங்களுக்கு ஒரே வேண்டுகோள். கணினி நின்றால் அணைப்பதற்கு முன் தேதி, அப்போது ஓடிய பணி, கெர்னல் பதிப்பு, பிரதி இருக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். அந்தக் கணினியில் அந்த வாரம் பெற்ற முடிவு ஆய்வேட்டில் இடம்பெறுமானால், இந்தக் குறிப்பும் அதன் பின்னிணைப்பில் இடம்பெறட்டும்.

தம் துறையில் இப்பயிற்சிகளை ஏற்கெனவே நடத்திவரும் ஆசிரியர்கள் எழுதினால் மகிழ்வேன். நடத்த விரும்பி, மெய்நிகர் இயந்திரம் அமைப்பதில் தயங்கும் மாணவர்களும் எழுதலாம். ஒரு சனிக்கிழமை சேர்ந்து அமர்ந்து முதல் பிரதியை எடுத்துவிடலாம்.

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்